ஹெப்பாரின் பட்டால் மார்பகப் புற்றுச் செல்கள் ஒட்டாதா? (கீமோ போர்ட், ஆய்வகத் தட்டு, நோயாளி)

#1 செங்காந்தள்

வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ நடந்துகொண்டிருக்கிறது. காரை எலும்புக்குக் கீழே போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதிக்கும் சிறு அறையும் குழாயும்) வைத்திருக்கிறார்கள். மருந்து ஏறி முடிந்ததும் நர்ஸ் அக்கா சலைன் விட்டுக் கழுவி, கடைசியாக ஒரு சின்ன சிரிஞ்சில் ஹெப்பாரின் ஏற்றிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். "குழாய்க்குள்ள ரத்தம் கட்டிக்கக் கூடாதும்மா, அதுக்குத்தான்" என்றார்.

இப்போது சித்தப்பா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருக்கிறான். ஹெப்பாரின் பட்டால் மார்பகப் புற்றுச் செல்கள் ஒட்டுவது குறைகிறதாம். வீட்டில் உடனே இரண்டு கட்சி. "ஒட்டாவிட்டால் பரவ முடியாது, தினமும் அந்த ஊசியைப் போடச் சொல்" என்கிறான் அவன். பெரியம்மாவோ, "ஒட்டிக் கிடப்பது அங்கேயே கிடக்கட்டும், ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு உடம்பெல்லாம் போனால் என்ன பண்ணுவது? அந்தச் சிரிஞ்சையே வேண்டாம் என்று சொல்லிவிடு" என்கிறார்.

எனக்கு இரண்டிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. டாக்டரிடம் கேட்கத்தான் போகிறேன். விஷயம் கொஞ்சம் புரிந்திருந்தால் சரியாகக் கேட்கலாம் என்று இங்கே போடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வேதிப்பொடி

அக்கா, நான் செல் உயிரியலில் ஆய்வு மாணவி. புற்றுச் செல்கள் எதில் ஒட்டுகின்றன என்பதுதான் என் வேலையே. சிகிச்சை பற்றிப் பேசும் தகுதி எனக்கில்லை, அதை இங்குள்ள மருத்துவர்கள் சொல்வார்கள். செல் பக்கத்துக் கதையை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பெரியம்மா கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. 'ஒட்டுதல்' என்று ஆய்வுச் சுருக்கங்களில் ஒரே சொல்லாகப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒரு மார்பகப் புற்றுச் செல் பயணம் கிளம்பி இன்னோர் உறுப்பில் குடியேறுவதற்குள் பல இடங்களில், பல விதமாக ஒட்டவும் விடவும் செய்கிறது.

முதலில் கட்டிக்குள்ளே பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கிறது. அதைப் பிடித்து வைப்பது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். அந்தப் பிடி தளர்ந்தால்தான் செல் கழன்று வெளியே வரும். பெரியம்மா பயப்படுவது இந்த ஒட்டுதல் விடுபடுவதை. ஹெப்பாரினுக்கு இங்கே பெரிதாக வேலை இல்லை. ஈ-கேட்ஹெரின் கால்சியத்தை நம்பி இயங்கும் புரதம், ஒரு செல்லின் கேட்ஹெரின் அடுத்த செல்லின் கேட்ஹெரினை நேரடியாகப் பிடிக்கிறது. நடுவில் ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலிக்கு இடமில்லை. புற்றுச் செல் இந்தப் பிடியைத் தானாகவே, தன் மரபணுக்களின் ஏவலை மாற்றிக்கொண்டு விடுகிறது.

கழன்ற பிறகு செல்லைச் சுற்றியுள்ள திசுச் சட்டகத்தில் ஃபைப்ரோநெக்டின், லேமினின், கொலாஜன் போன்ற புரதங்களைப் பிடித்துப் பிடித்து நகர்கிறது. பிறகு ரத்தக் குழாய்க்குள் நுழைகிறது. அங்கே ரத்தத் தட்டுகள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) அதன்மேல் வந்து ஒட்டுகின்றன. கடைசியில் நுரையீரலிலோ எலும்பிலோ குழாய்ச் சுவரில் ஒட்டி, ஊடுருவி வெளியே போகிறது. ஹெப்பாரின் தலையிடுவதாகச் சொல்லப்படுவதெல்லாம் இந்தப் பின்பகுதி ஒட்டுதல்களில்தான்.

ஏன் அங்கே மட்டும்? நம் செல்கள் கிட்டத்தட்ட எல்லாவற்றின் மேலும் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தாங்கும் புரதங்களில் முக்கியமானது சிண்டெக்கான் குடும்பம். ஃபைப்ரோநெக்டினும், பல கீமோகைன்களும் (செல்களைத் தம் பக்கம் இழுக்கும் புரதங்கள்), வளர்ச்சிக் காரணிகளும் இந்தச் சங்கிலிகளைப் பிடித்துத்தான் செல்லோடு பேசுகின்றன. ஹெப்பாரின் அதே குடும்பத்து மூலக்கூறு, இன்னும் அதிகமாகச் சல்பேட் ஏறியது. உடம்பில் உள்ள மூலக்கூறுகளிலேயே எதிர்மின்னூட்டம் மிகவும் நெருக்கமாக அமைந்தது இதுதான் என்பார்கள். ரத்தத்தில் மிதக்கும் ஹெப்பாரின், செல்லின் சொந்தச் சங்கிலி போய்ப் பிடிக்க வேண்டிய இடத்தில் முன்னதாகவே உட்கார்ந்துகொள்கிறது. செல்லுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை.

1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹாவெல் என்ற பேராசிரியரிடம் வேலை பார்த்த ஜே மெக்லீன் என்ற இரண்டாமாண்டு மருத்துவ மாணவர் ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். கையில் கிடைத்தது அதற்கு நேர் எதிரானது. இன்றும் அறுவை அரங்கிலிருந்து டயாலிசிஸ் வரை எங்கும் இருக்கும் மருந்தின் தொடக்கம் அங்கேதான். நூறு வருடத்துக்கு மேல் ரத்தம் உறைவதைத் தடுக்கத்தான் பயன்படுகிறது. செல் ஒட்டுவதில் தலையிடுவது அதன் இன்னொரு முகம்.

#3 மருதாணி

நான் ரத்தவியல் மருத்துவர். போர்ட் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், வீட்டில் சண்டை தீரட்டும்.

போர்ட்டைப் பூட்ட வழக்கமாகப் பயன்படுவது மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள கரைசல், மூன்று முதல் ஐந்து மில்லிலிட்டர். மொத்தமே 300 முதல் 500 யூனிட். அதிலும் பெரும்பங்கு போர்ட் அறையிலும் குழாயிலும்தான் தங்கும், அங்கே தங்குவதற்காகத்தான் விடுகிறோம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் காலில் ரத்தம் கட்டினால் சொட்டு சொட்டாக ஏற்றும் ஹெப்பாரின் ஒரு நாளைக்கு 26,000 யூனிட் அளவில் வரும். ரத்தத்தில் கலந்த ஹெப்பாரின் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆகவே அந்தச் சின்ன சிரிஞ்ச் அம்மாவின் புற்றுக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. குழாய் அடைபடாமல் இருக்கும், அவ்வளவே. சில மையங்களில் இப்போது வெறும் சலைனிலேயே பூட்டிவிடுகிறார்கள். அதுவும் சரிதான்.

பெரியம்மாவிடம் சொல்லுங்கள்: ஹெப்பாரின் போட்டதால் கட்டியிலிருந்து செல் கழன்று பரவியது என்று பயப்பட வேண்டியதில்லை. புற்றுநோயாளிகளுக்கு ரத்தக்கட்டுக்காக எத்தனையோ ஆண்டுகளாக இதைக் கொடுக்கிறோம். பெரிய ஆய்வுகளில் ஹெப்பாரின் வாங்கியவர்களுக்குப் புற்று கூடுதலாகப் பரவியதாக வரவில்லை.

தம்பியிடமும் சொல்லுங்கள்: கீமோவில் ரத்தத் தட்டுகள் குறையும் நாட்கள் உண்டு. அந்த நாளில் தேவையில்லாமல் ஹெப்பாரின் உடம்பில் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. அபூர்வமாக ஹெப்பாரினே தட்டுகளைக் குறைத்து, அதே சமயம் ரத்தத்தைக் கட்டவும் வைக்கும் ஒரு எதிர்வினை உண்டு. சாதாரண ஹெப்பாரினை மாதக்கணக்கில் போட்டால் எலும்பும் தேயும். தேவை இருப்பவருக்கு உயிர் காக்கும் மருந்து. ஆசைக்குப் போடும் மருந்து இல்லை.

#4 கரிசல்காடு

டாக்டர், ஒரு சந்தேகம். ரத்தம் உறையாமல் தடுப்பதால்தான் புற்று பரவுவது குறைகிறது என்றால், வார்ஃபரின் மாத்திரையோ இப்போது வரும் புது மாத்திரைகளோ அதே வேலையைச் செய்யுமே? ஊசிக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

#5 வேதிப்பொடி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது.

1968-இல் கேப்ரியல் காசிக் குழு எலிகளில் ஒன்றைக் காட்டியது: ரத்தத் தட்டுகளைக் குறைத்துவிட்டால் ஊசி வழி செலுத்திய புற்றுச் செல்கள் நுரையீரலில் குடியேறுவதும் குறைகிறது. ரத்தத்துக்குள் வந்த புற்றுச் செல்லுக்குச் சூழ்நிலை கடுமையானது. ஓட்டத்தின் இழுவை ஒரு பக்கம், இயற்கைக் கொல்லி செல்கள் இன்னொரு பக்கம். தட்டுகள் மேலே போர்த்திக்கொண்டால் அது மறைந்து போகலாம், குழாய்ச் சுவரிலும் ஒட்டலாம்.

தட்டுகள் அதைப் பிடிப்பது எதனால்? பி-செலக்டின். தட்டு தூண்டப்பட்டதும் உள்ளேயிருந்து மேற்பரப்புக்கு வரும் புரதம் இது, குழாய்ச் சுவர்ச் செல்களிலும் உண்டு. செலக்டின்கள் பிடிப்பது சர்க்கரைகளை. நாயுருவி விதை வேட்டி ஓரத்தில் தொற்றிக்கொள்வதுபோல் லேசாக, ஆனால் ஓடும் வேகத்திலேயே பிடிக்கும் பிடி. அதன்பிறகுதான் இன்டெக்ரின்கள் என்ற பிடிப்புப் புரதங்கள் வந்து இறுக்குகின்றன.

2001-இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் லூபோர் போர்சிக், அஜித் வார்க்கி குழு பி-செலக்டின் இல்லாத எலிகளிலும் இருக்கும் எலிகளிலும் இதைப் பார்த்தார்கள். பி-செலக்டின் இல்லாவிட்டால் தட்டுகள் புற்றுச் செல்லைப் போர்த்துவது குறைந்தது, குடியேற்றமும் குறைந்தது. சாதாரண எலிகளுக்குச் செல்களைச் செலுத்தும் நேரத்தில் ஒரே ஒரு முறை ஹெப்பாரின் கொடுத்தாலும் அதே மாதிரிப் பலன். அவர்கள் பயன்படுத்தியவை பெருங்குடல் புற்றுச் செல்கள். மார்பகப் புற்றில், நன்றாகப் பரவக்கூடிய சில செல் வரிசைகளில் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல் வகைகள்) பி-செலக்டின் பிடிப்பது மேற்பரப்பில் உள்ள காண்ட்ராய்டின் சல்பேட் சங்கிலிகளை என்று பின்னால் தெரிந்தது. அதுவும் சல்பேட் ஏறிய சர்க்கரைதான், ஹெப்பாரினுக்குத் தூரத்து உறவு. அதனால் ஹெப்பாரின் அங்கே போட்டி போட முடிகிறது.

இப்போது கரிசல்காடு கேட்டதற்கு வருகிறேன். ஃபோண்டாபாரினக்ஸ் என்று ஒரு மருந்து உண்டு. ஹெப்பாரினில் ஆன்டித்ராம்பின் என்ற உறைதல் தடுப்புப் புரதத்தைப் பிடிக்கும் ஐந்து சர்க்கரை அலகுகளை மட்டும் ஆலையில் செய்தது. ரத்தம் உறைவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் பி-செலக்டினைத் தடுப்பதில்லை, சங்கிலி போதவில்லை. உறைதலைத் தடுப்பதும் செலக்டினைத் தடுப்பதும் இருவேறு வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். வார்ஃபரின் ஈரலில் உறைதல் காரணிகள் உருவாவதைத் தடுக்கும் மருந்து, செலக்டின் பக்கம் அதற்கு வேலையே இல்லை. குறை எடை ஹெப்பாரின்களுக்குள்ளேயும் (சங்கிலியைச் சிறிதாக வெட்டியவை) வேறுபாடு உண்டு. சங்கிலி நீளம் அதிகமுள்ள டின்சாபாரின் எலிகளில் நன்றாக வேலை செய்தது.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். ஹெப்பாரின் பி-செலக்டினையும் எல்-செலக்டினையும் தடுக்கும். குழாய்ச் சுவரில் வீக்கத்தின்போது தோன்றும் ஈ-செலக்டினைத் தடுக்காது. எந்தச் செல் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் பலன்.

#6 நுண்ணோக்கி

ஆய்வகத்தில் பல ஆண்டுகள் செல் வளர்ப்பில் இருந்தவன். செங்காந்தள் அம்மாவுக்குப் பயன்படாவிட்டாலும், இந்தத் துறையில் கட்டுரை படிக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன். 'ஒட்டுதல் 60 சதவீதம் குறைந்தது' என்ற மாதிரி வரிகளைப் படிக்கும்போது அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சோதனை எளிமையானது. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் ஃபைப்ரோநெக்டினோ கொலாஜனோ பூசி, மிச்ச இடத்தை அல்புமினால் மூடுகிறோம். செல்களை வளர்ப்புக் குடுவையிலிருந்து எடுத்து, ஹெப்பாரின் கலந்தும் கலக்காமலும் குழிகளில் விடுகிறோம். அரை மணியோ ஒரு மணியோ 37 டிகிரியில் வைத்துவிட்டு மெதுவாகக் கழுவுகிறோம். மிஞ்சியதை ஊதாச் சாயத்தில் ஊற வைத்து, சாயத்தைக் கரைத்து அளக்கிறோம். அந்த நிறத்தின் ஆழம்தான் கட்டுரையில் வரும் சதவீதம்.

இதில் எத்தனை இடத்தில் கை தவறலாம் தெரியுமா? செல்லை எடுக்க ட்ரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதியை விட்டால் அது சிண்டெக்கானின் தலையையும் சில இன்டெக்ரின்களையும் சேர்த்து நறுக்கிவிடும். ஹெப்பாரின் எதனோடு போட்டி போட வேண்டுமோ அதையே வெட்டிவிட்டு, 'ஹெப்பாரினுக்குப் பலன் இல்லை' என்று எழுதினால் என்ன அர்த்தம்? ஈடிடிஏ கரைசலில் மெதுவாகக் கழற்ற வேண்டும், அல்லது ட்ரிப்சினுக்குப் பிறகு செல்லுக்கு மீண்டு வர நேரம் தர வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் சீரம் இருந்தால் அதிலுள்ள வைட்ரோநெக்டினும் ஃபைப்ரோநெக்டினும் ஹெப்பாரினைப் பிடித்துக்கொள்ளும். கழுவும் கையின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் 5 மில்லி குப்பியை ஆய்வகத்துக்கு வாங்குபவர்கள் லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பலமுறை ஊசி குத்தும் குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் பாதுகாப்புப் பொருளாக இருக்கும். அதிக அளவில் விட்டால் செல் ஒட்டாமல் போனது ஹெப்பாரினாலா ஆல்கஹாலாலா என்று யாரும் சொல்ல முடியாது. பாதுகாப்புப் பொருள் இல்லாத தூளை வாங்குங்கள். இல்லையென்றால் அதே அளவு பென்சைல் ஆல்கஹால் மட்டும் விட்ட குழிகளையும் கூடவே வையுங்கள்.

இன்னொன்று அளவு. கட்டுரைகளில் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று சாதாரணமாக வரும். ஹெப்பாரின் தூளில் ஒரு மில்லிகிராமுக்குக் குறைந்தது 180 யூனிட். அப்படியானால் 100 மைக்ரோகிராம் என்பது 18 யூனிட். நோயாளியின் ரத்தத்தில் மருதாணி டாக்டர் போன்றவர்கள் வைத்திருக்க விரும்பும் அளவு மில்லிலிட்டருக்கு 0.3 முதல் 0.7 யூனிட். தட்டில் விட்டது அதைப்போல் 25 மடங்குக்கு மேல். அந்த அளவை ஒரு மனிதருக்குக் கொடுத்தால் ஈறு, மூக்கு, குடல் எல்லாம் கசியும்.

#7 வேதிப்பொடி

நுண்ணோக்கி சார், அளவு விஷயத்தில் ஒரு திருத்தம் சேர்க்கலாமா? செலக்டின் மட்டும் விதிவிலக்கு. வார்க்கி குழுவே 1998-இல் காட்டியது: பி, எல் செலக்டின்களைத் தடுக்க, உறைதலைத் தடுக்கத் தேவைப்படும் அளவைவிடக் குறைவான ஹெப்பாரினே போதும். நீங்கள் சொல்லும் 25 மடங்கு சிக்கல் ஃபைப்ரோநெக்டின், லேமினின் பூசிய ஆய்வகத் தட்டுகளில்தான் வருகிறது.

ஃபைப்ரோநெக்டினிலும் பாருங்கள், செல்லுக்கு அங்கே இரண்டு பிடிகள். நடுப்பகுதியில் ஆர்ஜிடி என்ற மூன்று அமினோ அமில வரிசையை இன்டெக்ரின் பிடிக்கும். சற்றுத் தள்ளி ஹெப்பாரின் பிடிக்கும் பகுதியைச் சிண்டெக்கான்-4 பிடிக்கும். ஹெப்பாரின் மறைப்பது இரண்டாவதை மட்டும். அதனால் செல் பல சமயம் ஒட்டத்தான் செய்கிறது, ஆனால் சரியாகப் பரந்து விரிவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் உருண்டையாகவே உட்கார்ந்திருக்கும், ஓரங்களில் அந்தக் கூர்மையான பிடிப்புப் புள்ளிகள் குறைவாக இருக்கும். ஊதாச் சாயத்தை மட்டும் அளப்பவருக்கு 'ஒட்டியது' என்றுதான் வரும். கண்ணால் பார்ப்பவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

செல் வரிசையும் முக்கியம். எம்சிஎஃப்-7, எம்டிஏ-எம்பி-231 இரண்டும் நோயாளிகளின் நுரையீரலைச் சுற்றித் தேங்கிய நீரிலிருந்து எழுபதுகளின் தொடக்கத்தில் வளர்க்கப்பட்டவை. எம்சிஎஃப்-7-இல் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உண்டு, ஈ-கேட்ஹெரினும் உண்டு, கூட்டம் கூட்டமாக ஒட்டி வளரும். 231 மூன்று ஏற்பிகளும் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2) இல்லாதது, ஈ-கேட்ஹெரினும் இல்லாமல் தனித்தனியாக நீண்டு அலையும். ஒன்றில் கிடைத்த முடிவை மற்றதற்குச் சொல்ல முடியாது. 'மார்பகப் புற்றுச் செல்' என்று பொதுவாக எழுதுவதே வாசிப்பவரை ஏமாற்றும்.

#8 நுண்ணோக்கி

நல்ல திருத்தம். இதனால்தான் செல்கள் அசையாமல் கிடக்கும் ஆய்வகத் தட்டைவிட ஓட்ட அறைச் சோதனையை நம்புகிறேன். கண்ணாடித் தகட்டில் பி-செலக்டின் பூசி, செல்களை ரத்த ஓட்ட வேகத்தில் ஓடவிட்டால் உருளுவதும் நிற்பதும் நேரடியாகத் தெரியும். உடம்புக்குள் எந்தச் செல்லும் ஒரு மணி நேரம் அசையாமல் குழிக்குள் கிடப்பதில்லை.

#9 கரிசல்காடு

எல்லாம் சரி. எலியில் நடக்கிறது, தட்டில் நடக்கிறது. மனிதர்களில் கொடுத்துப் பார்த்தார்களா இல்லையா? அதைச் சொல்லுங்கள். என் அக்காவை இந்த நோயில் இழந்தவன். நம்பிக்கை ஊட்டும் தலைப்பாகவே படித்துப் படித்து அலுத்துவிட்டது.

#10 மருதாணி

உங்கள் அக்காவுக்காக வருந்துகிறேன். கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறேன்.

புற்றுக்கும் ரத்தக்கட்டுக்கும் உள்ள உறவை 1865-இல் பாரிஸில் அர்மாண் ட்ரூசோ விரிவுரையில் சொன்னார். இடம் மாறி மாறி ரத்தக் குழாய்களில் வரும் ரத்தக்கட்டு உள்ளே மறைந்திருக்கும் புற்றின் அடையாளமாக இருக்கலாம் என்றார். பின்னால் தன் உடம்பிலேயே அந்த அடையாளத்தைக் கண்டு தன் நோயைத் தானே அறிந்தார். 1867-இல் வயிற்றுப் புற்றில் இறந்தார்.

2003-இல் கிளாட் என்ற ஆய்வு வந்தது. புற்றும் ரத்தக்கட்டும் சேர்ந்திருந்த 676 பேர். டால்டபாரின் என்ற குறை எடை ஹெப்பாரின் ஊசி வாங்கியவர்களில் 27 பேருக்கும், வார்ஃபரின் வகை மாத்திரை வாங்கியவர்களில் 53 பேருக்கும் மறுபடி கட்டியது. ரத்தக்கட்டுக்கு ஊசி மேல் என்று அதன்பின் உறுதியானது. (இப்போது அபிக்சபான் போன்ற மாத்திரைகளும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.) அதே ஆய்வைப் பின்னர் பிரித்துப் பார்த்தபோது, அதுவரை பரவாத புற்று உள்ளவர்களில் ஊசி வாங்கியவர்கள் ஓராண்டில் குறைவாக இறந்திருந்தார்கள். 2005-இல் அதே வகையைச் சேர்ந்த நாட்ரோபாரினைப் பரிசோதித்த 302 பேர் ஆய்வில், முற்றிய நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 6.6 மாதத்திலிருந்து 8 மாதம் ஆனது. எங்கள் எல்லோருக்கும் அன்று நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

அடுத்து பெரிய ஆய்வுகள் வந்தன. பிரிட்டனில் ஃப்ராக்மாட்டிக், நுரையீரல் புற்றுள்ள 2,202 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு டால்டபாரின். ரத்தக்கட்டு குறைந்தது, ஆயுள் நீளவில்லை. 'முற்றிய பிறகு கொடுத்தால் எப்படி, செல்கள் ரத்தத்தில் சிதறும் அறுவை நேரத்தில் கொடுக்க வேண்டும்' என்று ஆய்வகத்தார் சொன்னார்கள். அந்த வாதம் நியாயமானதே, போர்சிக் எலிகளில் பலன் கிடைத்தது செல் ரத்தத்தில் இருந்த அந்த நேரத்தில்தான். கனடாவில் அதையும் செய்தார்கள். பெருங்குடல் புற்று அறுவைக்குச் செல்லும் 614 பேர், சிலருக்கு அறுவைக்கு முன்பே தொடங்கி எட்டு வாரம் வரை டின்சாபாரின், மற்றவர்களுக்கு மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் மட்டும். 2022-இல் முடிவு வந்தது. மூன்றாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர் விகிதத்தில் வேறுபாடு இல்லை.

ஆகவே இன்றைக்குப் புற்று பரவாமல் தடுப்பதற்கென்று எந்த மார்பகப் புற்று நோயாளிக்கும் நான் ஹெப்பாரின் எழுத மாட்டேன். ரத்தக்கட்டு வந்தால், அறுவைக்குப் பின் நடமாட்டம் இல்லாமல் கிடந்தால், தயங்காமல் எழுதுவேன்.

#11 கரிசல்காடு

நன்றி டாக்டர். இப்படி நேராகச் சொன்னால் போதும்.

#12 பிறைநிலா

இது பன்றிக்குடலிலிருந்து எடுப்பது என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் இதனாலேயே தயக்கம். வேறு வகை உண்டா?

#13 மருதாணி

உண்மைதான். உலகில் பெரும்பாலான ஹெப்பாரின் பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து வருகிறது. இந்தியாவில் மாட்டிலிருந்து எடுப்பதும் புழக்கத்தில் உண்டு. விலங்கே தேவையில்லாதது வேதிப்பொடி சொன்ன ஃபோண்டாபாரினக்ஸ், முழுக்க ஆலையில் தயாராவது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. மாத்திரை வகைகளும் விலங்கிலிருந்து எடுப்பவை அல்ல. முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாற்று பார்ப்பார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மாற்று இல்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம் என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

#14 செங்காந்தள்

எல்லோருக்கும் நன்றி. பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், சிரிஞ்ச் பயம் போய்விட்டது. தம்பி மட்டும் விடவில்லை. "ரத்தக்கசிவுதான் பிரச்சினை என்றால், கசிய வைக்காத ஹெப்பாரின் செய்ய வேண்டியதுதானே?" என்கிறான்.

#15 வேதிப்பொடி

தம்பி சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான். அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

ஹெப்பாரின் சங்கிலிகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் ஆன்டித்ராம்பினைப் பிடிக்கும் அந்த ஐந்து அலகு இருக்கிறது. பெர்அயோடேட் என்ற வேதிப்பொருளால் சில சர்க்கரை வளையங்களை உடைத்துத் திறந்துவிட்டால் அந்தப் பிடி கெட்டுவிடும், மற்றவை பெரும்பாலும் தங்கும். அப்படிச் செய்த ரோனெபார்ஸ்டாட் ஹெப்பரனேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. புற்றுச் செல் திசுச் சட்டகத்தின் ஹெப்பரான் சல்பேட்டை அரித்து வழி உண்டாக்குவது அந்த நொதியால்தான். மயலோமா என்ற ரத்தப் புற்று நோயாளிகளிடம் மருந்துச் சோதனையின் முதற்கட்டம் வரை போனது. நெகுபரானிப் என்ற இன்னொன்று கணையப் புற்றில் இரண்டாம் கட்டத்தில் பலன் தராமல் நின்றது.

மார்பகப் புற்றுக்கே உரியது ஒன்று: 2001-இல் வந்த ஒரு பெரிய கட்டுரை, மார்பகப் புற்றுச் செல்களில் சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஏற்பி அதிகம் என்றும், அதைக் கூப்பிடும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற கீமோகைன் நுரையீரல், ஈரல், எலும்பு மஜ்ஜை, நிணநீர்க் கணுக்களில் அதிகம் என்றும் காட்டியது. மார்பகப் புற்று வழக்கமாகப் போய்ச் சேரும் இடங்களேதான். அந்தக் கீமோகைன் குழாய்ச் சுவரில் தங்குவது ஹெப்பரான் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு. பிரிட்டனின் நியூகாசில் குழு 2007-இல் ஹெப்பாரினைத் துண்டாக்கிப் பார்த்தது. கீமோகைனைப் பிடிக்கக் குறைந்தது 12 அலகு நீளம் வேண்டியிருந்தது. அந்தத் துண்டு ஆய்வகத்தில் 231 வகைச் செல்களின் நகர்வைத் தடுத்தது, உறைதலைத் தடுக்கும் சக்தியும் குறைவு. ஆனால் எலியில் நுரையீரல் குடியேற்றங்களின் எண்ணிக்கையை அது குறைக்கவில்லை, கட்டியின் பரப்பை மட்டும் குறைத்தது. முழு நீள ஹெப்பாரின் எண்ணிக்கை, பரப்பு இரண்டையும் குறைத்தது. குடியேறும் முதல் பிடிக்கு நீளமான சங்கிலி வேண்டியிருக்கிறது, அந்த நீளத்தோடு கசிவும் சேர்ந்தே வருகிறது. தம்பி கேட்கும் மருந்துக்கு இந்த முடிச்சுதான் தடை என்பது என் எண்ணம்.

#16 மருதாணி

செங்காந்தள், டாக்டரிடம் கேட்க வேண்டியவை என்று நான் நினைப்பது: அம்மாவுக்கு ரத்தக்கட்டு வரும் அபாயம் எவ்வளவு, அறுவை நடந்தால் எத்தனை நாள் தடுப்பு ஊசி, கீமோ முடிந்து டமாக்ஸிபன் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தடுக்கும் மாத்திரை) தருவார்களா. டமாக்ஸிபன் ரத்தக்கட்டு வாய்ப்பை இரண்டு மூன்று மடங்கு கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, போர்ட் உள்ள பக்கம் கையோ கழுத்தோ வீங்கினாலோ, திடீர் மூச்சுத்திணறல் வந்தாலோ அடுத்த கீமோ தேதி வரை காத்திருக்காதீர்கள். அன்றே, இரவானாலும் போங்கள்.

#17 செங்காந்தள்

எழுதி வைத்துக்கொண்டேன் டாக்டர். போன முறை போர்ட் பக்கம் கை கொஞ்சம் கனமாக இருக்கிறது என்று அம்மா சொன்னார், நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. நாளை காலையிலேயே காட்டிவிடுகிறோம்.

#18 மருதாணி

காலை வரை வேண்டாம். இப்போதே மருத்துவமனைக்கு ஃபோன் செய்யுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுத்தால் தெரிந்துவிடும், வலியில்லாத சோதனை. கட்டு இருந்தால் அம்மாவுக்கு அப்போது முழு அளவு ஹெப்பாரின் தேவைப்படும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

#19 வேதிப்பொடி

அக்கா, என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

நுண்ணோக்கி சார், உங்களிடம் ஒன்று. அடுத்த மாதம் 231 செல்களை வைத்து ஓட்ட அறையில் சாதாரண ஹெப்பாரின், டின்சாபாரின், ஃபோண்டாபாரினக்ஸ் மூன்றையும் ஒப்பிடப் போகிறேன். மூன்றையும் ஒரே மைக்ரோகிராம் அளவில் விடலாமா?

#20 நுண்ணோக்கி

எடையை மட்டும் சமப்படுத்தினால் ஒப்பீடு கோணலாகிவிடும் அம்மா. ஃபோண்டாபாரினக்ஸ் 1,728 டால்டன், சாதாரண ஹெப்பாரின் சராசரி 15,000. ஒரே எடையில் விட்டால் மூலக்கூறு எண்ணிக்கை எட்டு ஒன்பது மடங்கு வேறுபடும். ஒரு வரிசையை மோல் கணக்கில் (மூலக்கூறு எண்ணிக்கை சமமாக) வையுங்கள், இன்னொரு வரிசையை ஆன்டி-டென் ஏ யூனிட் கணக்கில் (உறைதலைத் தடுக்கும் சக்தியின் அளவு), மில்லிலிட்டருக்கு 0.1-இலிருந்து 1 வரை. நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவு அதற்குள் அடங்கிவிடும். பூச்சில் பி-செலக்டின் ஒரு தகடு, ஈ-செலக்டின் ஒரு தகடு. ஈ-செலக்டினில் மூன்றுமே ஒன்றும் செய்யக் கூடாது. அங்கேயும் குறைந்தால் ஹெப்பாரினைச் சந்தேகப்படாமல் முதலில் செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள்.

#21 செங்காந்தள்

ஃபோன் செய்தோம், உடனே வரச் சொன்னார்கள். ஸ்கேனில் போர்ட் பக்கத்து ரத்தக் குழாயில் ரத்தக்கட்டு இருக்கிறது. குறை எடை ஹெப்பாரின் ஊசி தொடங்கிவிட்டார்கள், போர்ட் வேலை செய்வதால் எடுக்க வேண்டாம் என்கிறார்கள். அம்மா நன்றாக இருக்கிறார். ரத்தத் தட்டுகள் எண்ணிக்கையை எப்போதெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும் டாக்டர்?

#22 மருதாணி

நேரத்தில் போனீர்கள், மகிழ்ச்சி. ஊசி தொடங்கும் முன் எடுத்த எண்ணிக்கையைக் கேட்டுக் குறித்து வையுங்கள். கீமோவுக்காக எப்படியும் ரத்தம் எடுப்பார்கள், ஒவ்வொரு முறையும் அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஊசி தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை கூடுதல் கவனம், நான் முன்பு சொன்ன எதிர்வினை வந்தால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். 50,000-க்குக் கீழே இறங்கினால் அன்றைய ஊசியைப் போடும் முன் அவர்களுக்கு ஃபோன் செய்து கேளுங்கள், அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்தி வைப்பார்கள். ஊசியை வயிற்றுத் தோலில் தினம் ஒரு பக்கமாக மாற்றிப் போடுங்கள், போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.